லைட் எல்லாம் பத்திரமா, பாப்பா?

சிவகாசி
9.11.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். போன் பண்ணினால் "ஷூட்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் வரவே மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன். ராத்திரி சாவகாசமாகப் படி.

முதலில் ஒன்று. போன தீபாவளிக்கு வாங்கினாயே, அந்த இரண்டு பெரிய பிளாஷ் லைட்டும் பத்திரமா? மாடி ரூம், மழைக்காலம், சுவரில் ஓதம் ஏறும். லென்ஸ் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டிருக்கிறாயா? நீல மணி வெளுத்து ரோஸ் கலரானால் மாற்றிவிட வேண்டும். லென்சுக்குள் பூஞ்சை ஒரு தடவை பிடித்தால் கழற்றித் துடைத்தாலும் தடம் போகாது.

சாத்தூர் சித்தி வீட்டில் தை மாசம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே. ஆடி 18க்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போட்டதிலிருந்து இங்கே காலண்டர் வேலை விடாமல் ஓடுகிறது, பிரஸ்காரர்கள் யாரையும் பிடித்துப் பேச முடியவில்லை.

உன் திருப்பூர் நிலவரம் பேப்பரில் படிக்கிறேன். ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதிலிருந்து பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்துவிட்டது என்கிறார்கள். ஆர்டர் குறைந்தால் உன்னை மாதிரி போட்டோகிராபரை வைத்துக் கேட்டலாக் படம் எடுக்கிற செலவைத்தான் முதலில் நிறுத்துவார்கள், அது எனக்குத் தெரியாதா. மார்ச்சில் இன்னொரு சேதியும் வந்தது, எச் அண்ட் எம் துணிக் கம்பெனி 30 மாடல்களுக்குக் கம்ப்யூட்டரில் நகல் உருவாக்கி விளம்பரத்துக்குப் பயன்படுத்தப் போகிறதாம். படித்ததும் உனக்கு அனுப்பலாம் என்று எடுத்துவிட்டு அனுப்பாமல் விட்டேன். நீ பார்த்திருப்பாய்.

நான் பிரஸ்ஸில், அச்சுக்கு நெகட்டிவ் எடுக்கிற பிராசஸ் கேமராவில் நின்றவன். ஒரு கலர் படத்துக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்று பில்டர் மாற்றி மாற்றி நெகட்டிவ் எடுக்க வேண்டும், கருப்புக்குத் தனியாக ஒன்று. ஸ்கேனர் வந்ததும் அந்த வேலையே இல்லாமல் போனது. ஆனால் எந்த இடத்தில் சிவப்பு தூக்கலாக இருக்கிறது, முகத்தில் எவ்வளவு மஞ்சள் குறைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து அதே ஸ்கேனர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். உனக்கும் அந்தக் கண் இருக்கிறது, பெற்றவன் என்பதற்காகச் சொல்லவில்லை. கருப்பு பனியனைக் கருப்பாகவே காட்டி, பக்கவாட்டில் லைட்டைத் தடவவிட்டுத் தையலும் தெரிய வைக்கிறாய். வெள்ளைத் துணியை வெள்ளைப் பின்னணியில் எடுத்தால் ஓரம் கரைந்துவிடும், அதற்கு இரண்டு பக்கமும் கருப்பு அட்டை நிறுத்தி விளிம்பை மீட்டு எடுக்கிறாய். அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளை, கம்ப்யூட்டர் கலர் கணக்கில் 255 என்று கேட்பார்கள், பொருள் 85 சதவீதம் இடத்தை அடைக்க வேண்டும் என்று நீ சொன்னதை நான் டீக்கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

அப்படிப்பட்டவள் கணக்கில் இவ்வளவு மெத்தனமாக இருக்கலாமா பாப்பா? முழுப் பணம் வராமல் ஒரிஜினல் பைலைக் கொடுக்காதே என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அந்தப் பழைய பார்ட்டி பாக்கி வந்ததா, இல்லையா? நீ குறுந்தொழில் என்று அரசாங்கத்தில் உத்யம் பதிவு செய்திருந்தால், 45 நாளைத் தாண்டினால் வட்டி சேர்த்துக் கேட்கச் சட்டம் இருக்கிறது. பணத்தைக் கொடுத்து முடிக்கும் வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்கவும் அவர்களுக்கு வழியில்லை. பதிவு பண்ணினாயா? போன பொங்கலுக்கு வந்தபோதே கேட்டேன். எழுத்தில் ஒப்பந்தம் போடு. 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவர்தான் அந்தப் படத்துக்கு முதல் உரிமையாளர், வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால்தான் அது மாறும். நீ எடுத்த படத்தை உன் ஆல்பத்தில் வைக்கக்கூட அவர்களைக் கேட்க வேண்டிவரும். எழுத்தில் போடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாகப் போய்க் கையால் எழுதின கடை போர்டுகளை எடுப்பாயே, அதை ஏன் நிறுத்திவிட்டாய்? மூன்று மாசமாக ஒரு படமும் எனக்கு வரவில்லை. பாத்திரக் கடை ஷட்டரில் குத்துவிளக்கு வரைந்திருந்த படத்தை இங்கே பழைய ஆர்ட்டிஸ்ட் ஒருவரிடம் காட்டினேன், நிழல் போட்டிருக்கிற விதத்தை வைத்தே எந்த ஊர்க் கைவேலை என்று சொன்னார். பிளெக்ஸ் வந்தபிறகு அதெல்லாம் போய்க்கொண்டே இருக்கிறது, நீ எடுத்தால்தான் மிச்சம். அந்தப் படங்களுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை என்று அம்மா சொல்வாள், சொல்லட்டும், அவை முழுக்க உன்னுடையவை. பம்பாயில் மித்தர் பேடி என்ற போட்டோகிராபர் ஆலைகளையும் இரும்புக் குழாய்களையும் கம்பெனிகளுக்காகத்தான் எடுத்தார், கூலிக்கு எடுத்த படங்கள்தான், இன்றைக்கும் வைத்துப் பார்க்கிறார்கள். உன் கேட்டலாக் படத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, போர்டையும் விடாதே என்கிறேன்.

பிளாஷ் லைட் என்றேன் இல்லையா. வேலை மந்தமான மாசத்தில் கருவியை விற்றவர்களை எனக்குத் தெரியும், நல்ல வேலை திரும்பி வந்தபோது அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. உனக்காகச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். வாடகைக்கோ வண்டித் தவணைக்கோ குறைந்தால் என்னிடம் கேட்க வேண்டியதுதானே. அந்த மதுரை விஷயத்தில் நான் பேசியதை மனசில் வைத்துக்கொண்டுதான் கேட்காமல் இருக்கிறாய் என்று அம்மா சொல்கிறாள். அது வேறு, இது வேறு. வேளைக்குச் சாப்பிடு. முதுகுக்கு பெல்ட் போட்டுக்கொள், நாள் முழுக்கக் குனிந்தே எடுக்கிறாய்.

சரி, எழுத வந்த விஷயம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிற ஒருவர், புவிசார் குறியீடு வாங்கினவர்கள் கூட்டத்தில் உள்ளவர்தான், புது டப்பாவுக்குப் படம் வேண்டும் என்று கேட்கிறார். பன்னிரண்டு வகை. பாகு பளபளக்கும், நேராக லைட் விழுந்தால் வெள்ளைத் திட்டு விழும், மேலே டிரேசிங் பேப்பர் கட்ட வேண்டியிருக்கும், உனக்கே தெரியும். நம் மாடி ஹாலைக் காலி பண்ணி வைத்திருக்கிறேன். நீ கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால்கூடப் போதும், லைட்டை மதுரையில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், விசாரித்துவிட்டேன். அட்வான்ஸ் பாதி என்று சொல்லியிருக்கிறேன், ரேட்டை நீயே சொல். அவருக்கு வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போன் பண்ணு.

அப்பா