டிசம்பரில் வரும்போது

அன்புள்ள சேகர்,

நாலு மாசமா பதில் போடலை, உன் கோபம் நியாயம்தான். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கு.

சனிக்கிழமை நீ விட்டுட்டுப் போன லாகவூலின் ஸ்காட்ச் விஸ்கியைத் திறந்தோம். கூடவே அயர்லாந்து விஸ்கி ஜேமிசன், அமெரிக்க விஸ்கியான ஒரு பர்பன், நம்ம பெங்களூர் விஸ்கி அம்ருத் ஃப்யூஷன். பாட்டிலையெல்லாம் உள்ளே மறைச்சு வெச்சு, டம்ளருக்கு அடியில் நம்பர் ஒட்டிக் கொடுத்தோம். லாகவூலினை மோந்ததுமே ரவி "ஆஸ்பத்திரி!"ன்னு கத்திட்டான். பீட்ங்கிற சதுப்பு நிலக் கரிமண்ணை எரிச்சு, அந்தப் புகையில் காயவெச்ச மால்ட் (முளைகட்டின பார்லி), ஸ்காட்லாந்தோட ஐலா தீவுச் சரக்கை எங்கே ஒளிச்சாலும் காட்டிக் கொடுத்துடும். ஜேமிசன் மூணு தடவை வடிச்சது, வழுக்கிட்டு இறங்குச்சு. பர்பன்ல வெனிலா. புது ஓக் பீப்பாயை உள்ளே தீயால் கருக்கி ஊறப்போடுறாங்க இல்லையா, அந்த வாசனை. பழசான அந்தப் பீப்பாய்தான் அப்புறம் நீ இருக்கிற ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுது.

மூணாம் நம்பர்தான் என்னைக் கவுத்துடுச்சு. லேசான புகை, பின்னாடியே பழுத்த பழத்தோட இனிப்பு. 18 வருஷ ஸ்காட்ச்னு சத்தியமே பண்ணேன். பார்த்தா அம்ருத்!

வயசுதான் ருசின்னு இருபது வருஷமா என்னை வாயடைச்சியே, இப்போ சொல்லுடா. ஸ்காட்லாந்துக் குளிர்ல பீப்பாய்ச் சரக்கு வருஷத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகுது, இங்கே 10-க்கும் மேல. வெயில்ல மரமும் சரக்கும் சீக்கிரமே கலந்துடுது. இங்கே 18 வருஷம் விட்டு வெச்சா பீப்பாயில் ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. தைவான் விஸ்கி கவலானும் சூட்டுல வேகமா விளைஞ்சதுதான். நீ முகம் சுளிச்ச நம்ம ஊர் 'விஸ்கி' மொலாசஸ்ல, அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சுற பாகுல வடிச்சது. ஐரோப்பாவுல அந்தப் பேர்ல விக்கவே முடியாது. அம்ருத் பார்லிடா. அம்ருத் கம்பெனி தன்னோட சிங்கிள் மால்ட்டை (ஒரே ஆலையில் மால்ட்ல மட்டும் வடிச்ச விஸ்கி) 2004-ல் முதல்முதலா விற்பனைக்கு இறக்கினதே உன் கிளாஸ்கோவுலதான்!

இன்னொண்ணு. அன்னைக்கு ஊத்திக் கொடுத்தது மணி. அவன் குடியை விட்டு ஒன்பது மாசம் ஆச்சு. வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன், "நான்தான் ஊத்துவேன்"னு நின்னான். கை நடுங்குதான்னு பார்த்துட்டே இருந்தேன். நடுங்கலை. நாலு டம்ளர்லயும் ஒரே அளவு. அப்புறம் கையைக் கழுவிட்டு வந்து, மோரோட எங்க பக்கத்துல உட்கார்ந்துட்டான்.

வரும்போது ஒரு பாட்டில் போதும். மணிக்கு ஷார்ட்பிரெட் பிஸ்கட் ரெண்டு டப்பா கொண்டு வா. பழைய நினைப்புல அவன்கிட்ட "ஒரே ஒரு பெக்"னு மட்டும் சொல்லிடாதே.

உன்,
குமார்