ஜெராக்ஸ் கடை அண்ணாச்சிக்கும் கூட நின்ற எல்லாருக்கும்

மீதி இருந்த இரண்டு பிள்ளைகளின் பழங்குடியினர் சான்றிதழும் நேற்று சாயங்காலம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் சொன்ன கெடு தாண்டவில்லை. இந்த மூன்று வார அலைச்சலை நரிக்குறவர் குடியிருப்பில் எல்லாரும் அறிவார்கள், திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நன்றி, தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு. அண்ணாச்சி, நீங்கள் போட்ட அந்த நாற்பது பக்க நோட்டுதான் எங்களைக் கரையேற்றியது.

2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் நரிக்குறவர், குருவிக்காரர் என்ற பெயர்கள் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் ஏறின. அதுவரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் மாறினால் கையிலிருக்கும் பழைய சான்றிதழ் தானாக மாறிவிடாது. ஒவ்வொருவரும் இ-சேவையில் புதிதாக மனுப் போட வேண்டும். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் மேசைகளைக் கடந்து கோட்டாட்சியரிடம் போகும். பழங்குடியினருக்குக் கையெழுத்து அவருடையது.

மனு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெயரில். நரிக்குறவர் பேசும் வாக்ரி மொழிக்கு எழுத்து கிடையாது. கேட்டவர் காதுக்கு எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருப்பார்கள்: ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, மாற்றுச் சான்றிதழில் இன்னொன்று. சாதிக் கட்டத்தில் வெறும் 'குறவர்' என்று எழுதிய பள்ளிக்கூடங்களும் உண்டு. அது வேறு சமூகம், பட்டியலினத்தில் வருவது. அந்த ஒரு சொல்லுக்காகவே கோப்பு நின்றுவிடும்.

அண்ணாச்சி வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். ஒவ்வொரு தாளிலும் உள்ள பெயரை வரிசையாக எழுதி, வித்தியாசப்படும் எழுத்தைச் சிவப்பு மையால் சுழித்தார். கடைசி வரியில், "ஒங்க வீட்டுல எப்படிக் கூப்பிடுவிய?" என்று கேட்டு அதையும் எழுதினார். சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்து, சரியா என்று கேட்டார். பெயரை வாங்கி எழுதும் இடங்களில் அப்படிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. நோட்டைப் பார்த்தே எதை முதலில் திருத்துவது என்று முடிவானது: ஆதார் முதலில், மனு பிறகு. மாற்றிச் செய்தால் மனு திரும்பி வரும், கட்டிய அறுபது ரூபாயும் போகும்.

விசாரணை நாளில் பாதிக் குடும்பம் ஆனித் தேரோட்டத்தில் பாசிமணி விற்கப் போயிருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் திரும்பவும் வந்து கையெழுத்து வாங்கிப்போன கிராம உதவியாளருக்கும், பழைய வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்த தலைமையாசிரியைக்கும், ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்த எண்களுக்கு உயிர் கொடுத்த செல்போன் கடைத் தம்பிக்கும், பணம் கொடுத்த அத்தனை பேருக்கும் நன்றி.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சமுதாயக் கூடம் கட்ட, போர்டு வைக்க உதவி கிடைக்கிறது. ஆட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும் ஆபீஸ் வாசலில் கழிந்த ஒரு நாள் வியாபாரத்துக்கும் எந்தத் திட்டத்திலும் தலைப்பு இருப்பதில்லை. வியாபாரம் போனால் அன்றைக்கு அடுப்பு எரியாது, அதனால்தான் விசாரணைக்கு ஆள் வராமல் போகிறது. நீங்கள் தந்ததில் பெரும்பங்கு அந்த நாள்கூலிக்கே போனது. கணக்கு நோட்டு அண்ணாச்சி கடையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். உதவ நினைப்பவர்கள் இனி முதலில் இந்தச் செலவைக் கேளுங்கள். கூட்டம் போடுவதானால் ராத்திரியில், குடியிருப்பிலேயே போடுங்கள்.

இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்த அலைச்சல் வரக்கூடாது. பிறந்த 21 நாளுக்குள் பதிவு, ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்ப்பு, இரண்டுக்கும் கட்டணமில்லை. அதற்குப் பொறுப்பு இனி நாங்கள். போன மாதம் பிறந்த குழந்தைக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியாயிற்று, அண்ணாச்சி. பெயர் வைத்ததும் அவளுடைய அம்மாவே கடைக்கு வந்து சொல்வதாக இருக்கிறார்.