முதுகில் உருகாத பனி

மட்டக்களப்பு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தக் கபில நிறக் குதிரையின் முதுகில் பனி அப்படியே படிந்து கிடக்கிறது. போர்வை போடவா, விடவா என்று கேட்டிருந்தாய். காலையிலேயே நம் மிருக வைத்தியரிடம் போய்ப் படத்தைக் காட்டினேன். பனி உருகாமல் கிடப்பது நல்லதுதானாம், உடம்புச் சூடு வெளியே போகவில்லை என்று அர்த்தமாம்.

பகல் குறையக் குறைய குதிரைக்கு மயிர் தானாக அடர்ந்து வளரும். அது சிலிர்த்து நின்று இடையில் காற்றைப் பிடித்து வைக்கும். மெல்லிய போர்வையைப் போட்டால் மயிர் அமுங்கி, இருந்த சூடும் குறைந்து போகலாம். கொழுத்த குதிரை என்றால் பூச்சியத்துக்குக் கீழே 8, 10 பாகை வரை தாங்கும் என்றார். ஆனால் மயிர் நனையக் கூடாது, காற்றும் அடிக்கக் கூடாது.

அதை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது வடக்கு கிழக்கில் நூற்றுக்கணக்கில் மாடுகள் செத்தன. இங்கே பனியா கொட்டியது? மழையும் வாடையும்தான். படுவான்கரை மாட்டுப் பட்டியில் நின்ற நம் சிவலைக் கன்றுக்கு நான் சாக்குப் போர்த்திவிட்டேன். விடியப் போய்ப் பார்த்தால் சாக்கு தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கனத்தது. உள்ளே கையை விட்டேன், தோல் மீன் மாதிரிச் சில்லிட்டிருந்தது. சாக்குக்குப் பதில் தார்ப்பாய்ப் படங்கைக் கட்டிக் காற்றை மறித்திருந்தால் பிழைத்திருக்குமோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால் மகள், உனக்குக் குளிர்கிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் போர்த்தாதே. மயிர் கத்தரித்த குதிரைக்குப் போடு. பல் தேய்ந்த அந்தக் கிழட்டுப் பெட்டைக்கும் போடு, தண்ணீர் உள்ளே இறங்காத போர்வையாகப் பார்த்து. போட்டால் ஒவ்வொரு நாளும் கழற்றித் தோளிலும் முதுகு மேட்டிலும் உரசல் இருக்கிறதா, வேர்த்திருக்கிறதா என்று கையால் பார். வேர்வையும் ஈரம்தான். மற்றவற்றுக்குக் காற்று மறைப்பும் காய்ந்த புல்லும் போதும். புல் குடலில் கிடந்து புளிக்கும்போது வருகிற சூடுதான் பெரிய சூடு, தானியத்தில் அவ்வளவு இல்லை. குடிக்கிற தண்ணீர் உறையவும் விடாதே, தண்ணீர் குறைந்தால் வயிறு கட்டிக்கொள்ளும்.

கிழவிக்கு மயிர் அடர்த்தியாக இருப்பதால் மெலிவு கண்ணுக்குத் தெரியாது. நாளைக்கு விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் எடு.

அப்பா