சனிக்கிழமை படம்: கிங் கிரியோல்

நண்பர்களே, இந்தச் சனிக்கிழமை இரவு 7 மணிக்கு வழக்கமான மொட்டைமாடியில் எல்விஸ் பிரெஸ்லி நடித்த 'கிங் கிரியோல்' (1958). மழை வந்தால் கீழே கூடத்தில். கறுப்பு வெள்ளைப் படம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

எல்விஸ் படம் என்றதும் "பாட்டும் ஆட்டமும்தானே" என்று ஒதுங்கிவிடாதீர்கள். இயக்கியவர் 'காசாபிளாங்கா' எடுத்த மைக்கேல் கர்டிஸ். படத்துக்கு மூலமான ஹெரால்ட் ராபின்ஸின் நாவலில் நாயகன் நியூயார்க் குத்துச்சண்டைக்காரன். படத்தில் அவனை நியூ ஆர்லியன்ஸ் பாடகனாக்கிவிட்டார்கள். வேலையிழந்த அப்பா, பள்ளியில் தேறாத பையன், அவனை வளைத்துப்போடப் பார்க்கும் ரவுடி முதலாளி. அந்த ரவுடியாக வால்டர் மேத்தாவ். பின்னாளில் நகைச்சுவையில் கலக்கிய அதே மனிதர்தான், இங்கே பார்த்தாலே எரிச்சல் வரும்!

இரண்டு இடங்களைத் தவறவிடாதீர்கள். ஒன்று, தொடக்கம்: விடிகாலைத் தெருவில் கூவி விற்கும் பெண்ணின் குரலோடு மாடியிலிருந்து எல்விஸ் சேர்ந்து பாடுவது. அதனால் தாமதமாக வராதீர்கள். இன்னொன்று, கடையில் அவர் பாடி எல்லோரையும் மயக்க, கூட்டாளிகள் சாமான்களைச் சுருட்டுவது. பாட்டே குற்றத்துக்குத் துணை போகிறது, என்ன யோசனை பாருங்கள்.

ராணுவ அழைப்பு வந்தும் இந்தப் படத்தை முடிக்கத் தவணை கேட்டு வாங்கினார் எல்விஸ். 1958 மார்ச்சில் ராணுவத்தில் சேர்ந்தார், படம் ஜூலையில் வெளியானது. அவர் நடித்ததில் சிறந்தது இதுதான் என்பது என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் படம் முடிந்த பிறகு வரலாம்.

ஆங்கில வசன வரிகள் உண்டு. கத்திச் சண்டையும் அடிதடியும் இருப்பதால் சின்னப் பிள்ளைகள் வேண்டாம். வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே சொல்லிவிடுங்கள், சுண்டலுக்குக் கணக்கு வேண்டும். அப்புறம், பாய் கொண்டுவர மறக்காதீர்கள்.