சாக மறுக்கும் கலங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழின் புற்றுநோய்க் கட்டுரை, கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதோடு நின்றுவிட்டது. சாக வேண்டிய கலம் சாகாதிருப்பதும் அதேயளவு முக்கியம். பழுதடைந்த கலத்தைப் பி53 புரதம் சாவை நோக்கித் தள்ளும். பிசிஎல்-2 புரதம் அந்தச் சாவைத் தடுக்கும். சில நிணநீர்ப் புற்றுநோய்களில் பிசிஎல்-2 மிதமிஞ்சிவிடுகிறது. அதை முடக்கும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரைக்கு 2016இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

நான் உயர்தர உயிரியல் ஆசிரியர். அண்மையில் மாணவி ஒருத்தி, கொப்பிக்குள் நான்காக மடித்து வைத்திருந்த தாயின் பரிசோதனை அறிக்கையை விரித்து, ‘பிசிஎல்-2 பொசிற்றிவ்’ என்ற வரியில் விரலை வைத்து, “இது என்ன சேர்?” என்றாள். வீட்டில் எவருக்கும் அது விளங்கியிருக்கவில்லை. இத்தகைய அறிக்கைச் சொற்களைப் புற்றுநோய் வைத்திய நிபுணர் ஒருவர் எளிய தமிழில் விளக்கும் வாராந்தப் பகுதியைத் தாங்கள் தொடங்க வேண்டும்.

உயிரியல் ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.