எந்த விஞ்ஞானிகள்? எத்தனை பேரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில், “90 விழுக்காடு துல்லியத்துடன் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு” என்று கொட்டை எழுத்தில் போட்டு, “இனி பரிசோதனை பற்றிக் கவலை வேண்டாம் என விஞ்ஞானிகள் கூறுகின்றனர்” என்று முடித்திருந்தீர்கள். எந்த விஞ்ஞானிகள், எந்த ஊர், எந்தப் புற்றுநோய், எத்தனை பேரின் படங்கள்? மூன்று முறை படித்தும் கிடைக்கவில்லை. பக்கத்திலேயே இருக்கும் ராசிபலனில்கூட யாருக்குப் பலன் என்று ராசியின் பெயரைப் போட்டுவிடுகிறீர்கள்.

அந்த 90ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைக் கருவி பிடிக்கும், இல்லாதவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். சோதனைக்கு வரும் 1,000 பேரில் 10 பேருக்கு நோய் இருக்கிறது. கருவி 9 பேரைப் பிடிக்கும், ஒருவரைத் தவறவிடும். மீதி 990 பேரில் 99 பேருக்கு இல்லாத நோயை இருக்கிறது என்று சொல்லும். ஆக, சந்தேகம் என்று சீட்டு வாங்குபவர் 108 பேர். அவர்களில் நோயாளிகள் 9 பேர்தான். பன்னிரண்டு பேருக்கு ஒருவர். மற்றவர்கள் ஊசி குத்தித் திசு எடுக்கக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை தூக்கம் கெட்டுக் கிடக்க வேண்டியதுதான். இதைவிட மலிவான கருவி ஒன்று உண்டு. வருகிற எல்லாருக்கும் “நோய் இல்லை” என்று குத்தும் ரப்பர் முத்திரை. இதே 1,000 பேரில் 990 பேருக்கு அது சரியாகச் சொல்லிவிடும். 99 விழுக்காடு துல்லியம்! அதைப் பற்றியும் அடுத்த வாரம் ஒரு செய்தி போடலாம்.

இந்தக் கருவிகள் எங்கே சறுக்கும் என்பது துறைக்குள் பழைய கதை. ஒரே நோயாளியின் இரண்டு படங்களில் ஒன்று பயிற்சிக்கும் மற்றொன்று தேர்வுக்கும் போய்விட்டால் மதிப்பெண் எகிறும். வினாத்தாளை முதல்நாளே கொடுத்துத் தேர்வு வைத்த கதைதான். 2018ல் வந்த ஓர் ஆய்வில், நிமோனியாவைப் பார்க்கப் பழக்கிய மென்பொருள் நெஞ்சு எக்ஸ்ரே எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை ஏறக்குறைய பிசகாமல் சொன்னது. நிமோனியா நோயாளிகள் மிகுதியாக வரும் மருத்துவமனை எது என்று தெரிந்துவிட்டால் நுரையீரலைப் பார்க்க வேண்டிய வேலையே பாதி குறைந்துவிடுகிறதே! வேறு மருத்துவமனைப் படத்தைக் கொடுத்தபோது பல ஒப்பீடுகளில் அதன் மதிப்பெண் இறங்கியது. மேலைநாட்டுப் பெண்களின் படங்களில் பழகிய மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) மென்பொருள், மார்பகத் திசு அடர்த்தி கூடுதலாக உள்ள நம் ஆசியப் பெண்களிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இங்கே சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 50 முதல் 69 வயதுப் பெண்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்க வேண்டும் என்று நம் சிங்கப்பூரில் 2002லிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. “கவலை வேண்டாம்” என்ற உங்கள் வரியைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் மூன்று குழுக்களிலிருந்து எனக்கே வந்து சேர்ந்தது.

இது முதல் தடவை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். 2022ல் “புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது” என்று போட்டீர்கள். நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் டோஸ்டார்லிமாப் மருந்தை முடித்த மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கும் கட்டி மறைந்தது. பெரிய சேதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 12 பேரின் கட்டிகளிலும் மரபணுப் பிழைகளைத் திருத்தும் அமைப்பே பழுது. பிழைகள் மலிந்த கட்டியை உடலின் எதிர்ப்பணுக்கள் எளிதில் அடையாளம் காணும். மருந்து அவற்றின் கடிவாளத்தை அவிழ்த்துவிடுகிறது. மலக்குடல் புற்றில் அப்படிப்பட்டவை 5 முதல் 10 விழுக்காடுதான். இந்த ஒரு வரி உங்கள் செய்தியில் இல்லை. இல்லாததால், பலதுறை மருந்தகத்தில் போய் அந்த மருந்தைக் கேட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது?

2023 ஜூலையில் கொரிய ஆய்வாளர்கள் உருவாக்கிய எல்கே-99 என்ற பொருள், அறை வெப்பத்திலேயே மின்தடை இல்லாத மீகடத்தி என்று முதல் பக்கத்தில் வந்தது. ஆகஸ்டிலேயே கதை முடிந்துபோனது. மாதிரியில் கலந்திருந்த செம்புச் சல்ஃபைடு சுமார் 104 டிகிரி செல்சியசில் உருமாறும். அப்போது மின்தடை சட்டென விழும். அதைத்தான் மீகடத்தல் என்று எண்ணிவிட்டார்கள். ஸ்டுட்கார்ட்டில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் கலப்பில்லாத படிகத்தை வளர்த்துப் பார்த்தால், அது மின்சாரத்தைக் கடத்தவே இல்லை. இந்தச் செய்தி உங்கள் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. வந்திருந்தால் என் கண்தான் பழுது.

2022 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் நடந்த அணுக்கரு இணைவுச் சோதனையில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைப் பாய்ச்சி 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். அந்த லேசரை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து சுமார் 300 மெகாஜூல் இழுத்தார்கள் என்பதை விட்டுவிட்டு, “இனி மின்கட்டணம் இராது” என்றீர்கள். போதாக்குறைக்கு அதை “அணுப்பிளவு” என்று வேறு எழுதினீர்கள். ஹைட்ரஜனின் வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேர்வது இணைவு. பிளவு என்பது யுரேனியத்தில் நடப்பது. உங்களுக்குத் தெரியாததல்ல, மொழிபெயர்த்தவர் அவசரத்தில் இருந்திருப்பார்.

ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆய்வுச் செய்தி எது போட்டாலும் அடியில் ஒரே ஒரு வரி: சோதனை நடந்தது கண்ணாடித் தட்டிலா, எலியிடமா, மனிதரிடமா, எத்தனை பேர், சக ஆய்வாளர்கள் சரிபார்த்து ஆய்விதழில் வந்ததா, ஆய்வாளர்களே இணையத்தில் ஏற்றிய முன்பதிப்பா. பத்துச் சொல்லில் அடங்கும். அதற்கும் இடமில்லை என்றால், குறைந்தபட்சம் அந்தப் “பிளவு”க்காவது ஒரு திருத்தம் போடுங்கள். தாமதம் பரவாயில்லை.

இப்படிக்கு,
சந்தா தவறாத வாசகி,
பிடோக்