'ரபேஷியஸ்' என்றால் வெறும் பேராசையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நீங்கள் தினமும் போடும் ஆங்கிலச் சொல்லை என் பேத்தி வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறாள், அதனால் நானும் விடாமல் படிக்கிறேன். போன வாரம் 'ரபேஷியஸ்' என்ற சொல்லுக்குப் 'பேராசை பிடித்த' என்று மட்டும் போட்டு முடித்துவிட்டீர்கள். தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தச் சொல்லின் உயிரே விட்டுப்போயிற்று.

லத்தீனில் 'ரபெரே' என்றால் பறிப்பது, பிடுங்குவது. அதிலிருந்து வந்த 'ரபாக்ஸ்' என்றால் பறிக்கிற குணமுள்ள என்று அர்த்தம், அதுதான் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்து 'ரபேஷியஸ்' ஆனது. பருந்து, கழுகையெல்லாம் 'ராப்டர்' என்கிறார்களே, அதுவும் இதே வேர். வேகத்தைச் சொல்லும் 'ராபிட்' கூட இந்தக் குடும்பம்தான். காசிமேட்டுக்காரர்களுக்கு இதை விளக்க அகராதியே வேண்டாம். மேலே சுற்றிக்கொண்டே இருக்கும் பருந்து, மீன்காரம்மா முகத்தைத் திருப்பிய நொடியில் அன்னக்கூடையிலிருந்து ஒரு மீனைக் காலால் கவ்விக்கொண்டு போய்விடும். பேத்திக்கு அதைக் காட்டித்தான் சொன்னேன், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

தன் பணத்தைப் பூட்டிவைத்து எண்ணிக்கொண்டே இருப்பவனுக்கும் பேராசை உண்டு. அவனுக்கு 'அவரிஷியஸ்' பொருந்தும், அதன் லத்தீன் வேருக்கு ஏங்குவது என்று பொருள். அடுத்தவர் கையில் இருப்பதைப் பிடுங்க அலைகிறவனுக்குத்தான் 'ரபேஷியஸ்'. எங்கள் பக்கம் அநியாய வட்டிக் கடன்களான தண்டல், மீட்டர் வட்டி என்றால் எல்லோருக்கும் தெரியும், 2003இல் தமிழ்நாட்டில் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்திலேயே இந்த இரண்டும் பெயரோடு இருக்கின்றன. அசலைக் கட்டி, அதற்கு மேலும் கட்டி, அப்புறமும் ஒரு அம்மாவின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனதை நான் இந்தத் தெருவிலேயே நின்று பார்த்திருக்கிறேன். தூக்கியவனைப் பேராசைக்காரன் என்று சொன்னால் அந்த அம்மாவுக்கு நடந்தது அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது?

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பிறர் பொருளுக்கு ஆசைப்படுவதை வள்ளுவர் வெஃகுதல் என்கிறார், 18ஆம் அதிகாரமே வெஃகாமைதான். ஆனால் இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைக்கு அது சட்டென்று விளங்காது. 'பிடுங்கித் தின்கிற' என்று நாம் பேசுகிறோமே, அதுவே போதும். பேத்தியின் நோட்டில் நானே பேனாவால் அப்படி எழுதிவிட்டேன், சரி, மற்ற பிள்ளைகளுக்காக நீங்கள் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காசிமேடு, சென்னை